பாஸ் மீனுக்கு ரப்பர் புழு: எந்தத் தண்ணிக்கு எந்த நிறம்?

புதுத்தூண்டில் கேட்டது:

லார்ஜ்மவுத் பாஸுக்கு சாஃப்ட் பிளாஸ்டிக் (ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கிற செயற்கை இரை) வாங்கலாம்னு பார்த்தா நிறத்துப் பேரே தலையைச் சுத்த வைக்குது. கிரீன் பம்ப்கின், வாட்டர்மெலன் ரெட், ஜூன்பக், ரெட்பக், பிளம், டெக்கீலா சன்ரைஸ்... இதுல எது மீனைப் பிடிக்க, எது நம்மளைப் பிடிக்கன்னே தெரியல.

போடுற இடம் ரெண்டு. ஒண்ணு தெளிஞ்ச ஏரி, அடியில மணலும் அங்கங்க பாசியும். இன்னொண்ணு நீர்த்தேக்கம், மழை பெய்ஞ்சா செம்மண் கரைச்ச மாதிரி ஆயிடும். 5 அங்குல குச்சிப்புழு, 7 அங்குல வால்புழு, 4 அங்குல கிரேஃபிஷ் (கொடுக்கு வச்ச, இறால் மாதிரியான நன்னீர்ப் பிராணி) உருவம், மூணையும் டெக்சாஸ் ரிக்ல, அதாவது முன்னால குண்டு, முள் நுனி புழுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற முறையில, 7 கிராம் குண்டோட போடுறேன்.

நாலே நாலு நிறம்தான் வாங்கணும்னா எதை வாங்கலாம்? ஏன்னு காரணமும் சொன்னா நல்லா இருக்கும். "எனக்கு இதுலதான் கொத்திச்சு"ன்ற பதில் ஏற்கெனவே நிறைய கிடைச்சிடுச்சு.

---

கரையோரன்:

நாலு நிறத்தை முதல்லயே சொல்லிடுறேன்: கிரீன் பம்ப்கின், கறுப்பு-நீலம், முத்து வெள்ளை, வாட்டர்மெலன். மூணுதான்னு சொன்னா வாட்டர்மெலனை விட்டுடுங்க. ஒண்ணே ஒண்ணுன்னா கிரீன் பம்ப்கின், இதுல பெரிய சண்டை வராது.

இனி காரணம். கடை வெளிச்சத்துல, காய்ஞ்ச நிலையில, பைக்குள்ள தெரியிற நிறம் மீனுக்குத் தெரியப்போறதில்லை. கிரீன் பம்ப்கினைக் கையில வச்சுப் பார்த்தா அழுக்குப் பழுப்பு. நனைச்சு வெயிலுக்கு எதிரா தூக்கிப் பிடிச்சா ஓரத்துல பச்சை கசியும். அடியில கிடக்கிற கிரேஃபிஷ், சின்ன புளூகில், கோபி மீன், எல்லாத்துக்கும் முதுகு ஏறக்குறைய இந்தச் சாயல்தான். அதனாலதான் எங்க போட்டாலும் அது உறுத்தாம நிக்குது.

நிறம் தேர்வு பண்ணுறதுக்கு முன்னாடி தண்ணியை அளந்துடுங்க. கண்ணால பார்த்து "கொஞ்சம் கலங்கல்"னு சொல்றது ஆளுக்கு ஆள் மாறும். உள்ளங்கை அகல வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒண்ணு, நடுவுல துளை, அடியில 20 கிராம் குண்டு, மேல கயிறு. கயிற்றுல 25 செ.மீ.க்கு ஒரு முடிச்சு. படகோ படித்துறையோ, நிழல் விழுற பக்கமா இறக்குங்க. போலரைஸ்டு கண்ணாடியைக் கழட்டிடுங்க. மூடி மறையிற ஆழத்தைக் குறிச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் இறக்கி, மேல இழுக்கும்போது திரும்பத் தெரியிற ஆழத்தையும் குறிச்சுக்கோங்க. ரெண்டுக்கும் நடுவுலதான் அளவு. 1865ல செக்கின்ற இத்தாலியப் பாதிரியார் கடல்ல வெள்ளைத் தட்டை இறக்கி அளந்தாரே, அதே சங்கதிதான்.

30 செ.மீ.க்குள்ள மூடி மறைஞ்சா கறுப்பு-நீலம், வேற யோசனையே வேண்டாம். 30 செ.மீ.யிலிருந்து ஒரு மீட்டர் வரைக்கும் ஜூன்பக், பிளம் மாதிரி கருஊதா, இல்லன்னா வால்ல மட்டும் சார்ட்ரூஸ் (பளிச்சுன்னு மஞ்சள்-பச்சை) தோய்ச்ச கிரீன் பம்ப்கின். ஒரு மீட்டரைத் தாண்டினா வெறும் கிரீன் பம்ப்கின். இரண்டரை மீட்டருக்கு மேல போனா வாட்டர்மெலன், ஸ்மோக் மாதிரி வெளிச்சம் ஊடுருவுற நிறங்கள். இந்த எல்லைகள் அறுதியான கோடு இல்லை. மேகம் மூடினா ஒரு படி இருட்டான பக்கம் தள்ளிக்கோங்க.

கலங்கல்ல ஏன் கறுப்பு? தண்ணியில மிதக்கிற மண் துகள் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்குது, அதனால பின்னணி முழுக்க வெளிறிப்போன மங்கல். அதுல வெளிர் நிறம் கரைஞ்சுபோயிடும். கறுப்பு மட்டும்தான் ஓரம் கெடாம ஒரு நிழல் உருவமா நிக்கும். ராத்திரிக்கும் அதே கணக்கு: மேல இருக்கிற லேசான வெளிச்சத்துக்கு எதிரா கெட்டியா தெரியணும், அவ்வளவுதான்.

---

பாசிப்படுகை:

மேல சொன்னதோட ஒத்துப்போறேன். மீனோட கண்ணைப் பத்தி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், நிறப் பேர்ப்பட்டியல்ல பாதி அங்கேயே உதிர்ந்துடும்.

நம்ம கண்ணுல நிறம் பிரிக்கிற கூம்பு செல் மூணு வகை. லார்ஜ்மவுத் பாஸுக்கு ரெண்டுதான். ஒண்ணு பச்சைக்கு, சுமார் 535 நானோமீட்டர் பக்கம். இன்னொண்ணு சிவப்புக்கு, சுமார் 614 பக்கம். நீலத்துக்குன்னு தனியா எதுவும் கிடையாது. இல்லினாய் பல்கலைக்கழகத்துல பாஸ் மீன்களைக் குறிப்பிட்ட நிறத்துக்குப் பழக்கி, அப்புறம் வேற நிறங்களோட கலந்து வச்சுப் பார்த்திருக்காங்க, 2019ல வெளிவந்தது. சிவப்புக்கும் பச்சைக்கும் பழகின மீன் அதிகம் தடுமாறல. சார்ட்ரூஸ் மஞ்சளுக்குப் பழகினது வெள்ளையையும் போய்த் தொட்டுச்சு. நீலத்துக்குப் பழகினது கறுப்பையும் தொட்டுச்சு.

இதை அப்படியே புழு வாங்குறதுக்குக் கொண்டுவாங்க. "கறுப்பா, கறுப்பு-நீலமா, கறுப்புல நீல வாலா"ன்னு மண்டையை உடைச்சுக்க வேண்டியதில்லை. அதுல நீலம் நமக்கு அழகு, மீனுக்குப் பெரும்பாலும் இன்னொரு இருட்டு. வெள்ளையும் சார்ட்ரூஸும் ரெண்டுமே "வெளிச்சமான ஒண்ணு"ங்கிற ஒரே பெட்டிக்குள்ள விழுது. அதனால ரெண்டையும் மூட்டை மூட்டையா வாங்காதீங்க. ஆனா பழுப்பு, செம்பழுப்பு, ஆரஞ்சு, பச்சை, இந்த வரிசையில மீன் நல்லாவே பிரிச்சுப் பார்க்கும். காசு போடணும்னா இந்த வரிசையில போடுங்க.

சிவப்பு விஷயத்துல ஒரு முன்னெச்சரிக்கை. கண்ணுக்கு சிவப்பு தெரியும்ங்கிறது வேற, அந்த ஆழத்துக்கு சிவப்பு வெளிச்சம் போய்ச் சேருமாங்கிறது வேற. தெளிஞ்ச தண்ணி முதல்ல விழுங்குறது சிவப்பைத்தான். சில மீட்டர் கீழ போனாலே ரெட்பக் புழு வெறும் கருஞ்சாம்பல். இலை ஊறி பழுப்பேறின தண்ணியில கதை தலைகீழ்: அங்க நீலமும் பச்சையும் முதல்ல காணாமப்போகும், மிச்சம் இருக்கிறது சிவப்பும் ஆரஞ்சும். செம்பு நிற ஜிகினா போட்ட புழு அங்க எடுபடுறதுக்குக் காரணம் அதுதான். பாசி மண்டி பச்சையா இருக்கிற தண்ணியில பச்சை வெளிச்சம் அதிகம் இறங்கும். நீங்க சொன்ன செம்மண் தண்ணி இது எதுலயும் சேராது. அங்க நிறமே ரெண்டாம்பட்சம், இருட்டு-வெளிச்ச வித்தியாசம்தான் முதல்.

---

ஈயக்குண்டு:

ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனா நிறத்தை முதல்ல வைக்காதீங்கன்னு நடுவுல யாராவது சொல்லணும், நான் சொல்லிடுறேன். மீன் மூணு மீட்டர் ஆழத்துல இருக்க, புழு ஒரு மீட்டர்ல நீந்திட்டிருந்தா எந்த நிறமும் உதவாது. முதல்ல இடமும் ஆழமும், அப்புறம் விழுற வேகம், அப்புறம் பருமன், அதுக்கப்புறம்தான் நிறம்.

விழுற வேகத்தை நிறம்னு தப்பா எடுத்துக்கிறதுதான் இந்த விளையாட்டுல அடிக்கடி நடக்குற பிழை. ஒரு கம்பெனியோட கிரீன் பம்ப்கினுக்குக் கொத்தல, இன்னொரு கம்பெனியோட ஜூன்பக்குக்குக் கொத்திச்சு, உடனே "இன்னைக்கு ஜூன்பக்"னு முடிவு. ரெண்டாவது புழுவுல உப்பு அதிகமா இருந்திருக்கும், வேகமா விழுந்திருக்கும். இல்ல மெத்துன்னு இருந்து வால் நல்லா ஆடியிருக்கும். உப்பு சேர்த்த பிளாஸ்டிக் கொஞ்சம் மங்கலாவும் ஆகும், அதனால ஒரே பேர் போட்ட நிறம்கூட ரெண்டு கம்பெனியில ரெண்டு மாதிரி இருக்கும். ஒப்பிடணும்னா ஒரே கம்பெனி, ஒரே அச்சு, ஒரே குண்டு, ஒரே முள். நிறம் மட்டும் மாறணும்.

இன்னொண்ணு, யாரும் சொல்லாதது. முதுகு இருட்டு, வயிறு வெளிர்னு ரெண்டு நிறத்துல ஊத்தின புழு வாங்குறீங்க. டெக்சாஸ் ரிக்ல பாதிப் பேர் அதைத் தலைகீழாத்தான் கோர்க்கிறாங்க. கோர்க்கிற முறை இது: முள் நுனியை மூக்கு நடுவுல குத்தி 6-7 மி.மீ. உள்ள போனதும் வெளிர் பக்கமா வெளிய எடுங்க. முள்ளை இழுத்து, முள்ளோட மேல்வளைவு மூக்குக்குள்ள உட்கார்ந்ததும் அரைச்சுற்று திருப்புங்க. இப்போ முள்ளோட பெரிய வளைவு வெளிர் பக்கத்துக்குக் கீழ தொங்கும், நுனி மேல பார்க்கும். புழுவை நேராத் தொங்கவிட்டு வளைவு எந்த இடத்துல தொடுதோ அங்க வெளிர் பக்கமா குத்தி, முதுகுத் தோலுக்குக் கீழ நுனியை ஒளிச்சு விடுங்க. முதல் தடவை இருட்டுப் பக்கமா எடுத்தா மீன் செத்து மிதக்கிற மாதிரி வயிறு மேலாகப் போகும். 5 அங்குலத்துக்கு 4/0 அளவு ஆஃப்செட் முள் (மேல ஒரு சின்ன மடிப்பு வளைவு இருக்கிறது), 4 அங்குல கிரேஃபிஷுக்கு 3/0 போதும்.

நடுவுல கோர்த்து ரெண்டு முனையும் ஆட விடுற வாக்கி ரிக்ல இந்தக் கவலையே இல்லை. அது விழும்போது உருளும், மேல் கீழ்னு ஒண்ணும் கிடையாது. அதுக்கு ரெண்டு நிறப் புழு வாங்குறது வீண்.

---

புதுத்தூண்டில்:

மூணு பேருக்கும் நன்றிங்க. தலைகீழாத்தான் கோர்த்துக்கிட்டு இருந்திருக்கேன்னு இப்பத்தான் தெரியுது.

மூணு சந்தேகம். ஒண்ணு, ஜிகினா: சிவப்பு, கறுப்பு, ஊதா, தங்கம்னு போட்டிருக்கே, அதுல எதாவது விஷயம் இருக்கா? ரெண்டு, வால்ல சார்ட்ரூஸ் தோய்க்கிறதுன்னு சொன்னீங்க. சாயக்குப்பி வாங்கி முக்கிப் பார்த்தேன், திட்டுத் திட்டா நிக்குது, கறுப்புப் புழுவுல ஒண்ணுமே தெரியல. மூணு, ஒரே டப்பாவுல போட்டு வச்ச வெள்ளைப் புழு எல்லாம் ரோஸ் ஆயிடுச்சு. கழுவினா போகுமா?

---

கரையோரன்:

மூணாவது சந்தேகத்தை முதல்ல முடிச்சுடலாம்: போகாது. புழு பிவிசி பிளாஸ்டிசால். அதை மெத்துன்னு வைக்கிறது உள்ள இருக்கிற எண்ணெய் மாதிரியான மென்மையாக்கி. ரெண்டு புழு ஒட்டிக் கிடந்தா அந்த எண்ணெயோட சேர்ந்து சாயமும் இங்கிருந்து அங்க நகரும். அது மேல ஒட்டின அழுக்கு இல்லை, உள்ளேயே இறங்கிடுச்சு. சோப்பு போட்டாலும் வராது. அந்த ரோஸைத் தூக்கிப் போட வேண்டாம். பாஸ் கூடு கட்டுற காலத்துல ஆழமில்லாத இடத்துல வெள்ளையும் ரோஸும் ஏன் போடுறாங்கன்னா, அது மீனுக்காக இல்லை, பிடிக்கிறவர் கண்ணுக்காக. புழு எங்க கிடக்கு, மீன் வாயில எடுத்துடுச்சான்னு பார்க்கலாம். அந்தக் காலத்துல அங்க பிடிக்க அனுமதி இருக்கான்னு மட்டும் முன்னாடியே பார்த்துக்கோங்க.

இனிமே ஒவ்வொரு நிறத்தையும் அது வந்த பையிலேயே வைங்க. பைகளை நிமிர்த்தி ஒரு பெட்டியில அடுக்குங்க. கண்ணாடி மாதிரி தெரியிற சாதாரண பிளாஸ்டிக் டப்பாவுல நேரா போட்டா டப்பாவே இளகி ஒட்டும். இழுத்தா ரொம்ப நீளுற வகை டிபிஇ புழு இருக்கு பாருங்க, இசட்-மேன் கம்பெனிக்காரங்க எலாஸ்டெக்னு விக்கிறாங்களே, அதை பிவிசி புழுவோட ஒரே பையில போட்டீங்கன்னா மறுநாள் ரெண்டும் சேர்ந்து ஒரு கூழ். வெயில்ல நின்ன வண்டிக்குள்ள வச்சு வால் மடங்கிப்போன புழுவைக் காப்பாத்தலாம்: அடுப்பை அணைச்ச கொதி தண்ணியில அரை நிமிஷம், எடுத்து தட்டையான இடத்துல நேராக் கிடத்தி, மேல குளிர்ந்த தண்ணி ஊத்துங்க.

சாயம் திட்டுத் திட்டா நிக்கக் காரணம் ஈரம், இல்ல மேல இருக்கிற வாசனை எண்ணெய். காகிதத்தால வாலை நல்லா துடைச்சிட்டு, கடைசி 1.5 செ.மீ. மட்டும் ரெண்டு மூணு நொடி முக்கி எடுத்து, குப்பி விளிம்புல வழிச்சு, ஒரு நிமிஷம் காத்துல ஆட விடுங்க. பையில போடுறதுன்னா முழுசாக் காய்ஞ்சதும் தனிப் பை. கையில பட்டா நாலு நாள் நிக்கும், படகு விரிப்புல பட்டா நிரந்தரம். கறுப்புல தெரியாதது சாயத்தோட குறை இல்லை. அது ஊடுருவித் தெரியிற சாயம், கீழ இருக்கிற நிறத்தோட கலந்துதான் தெரியும். வெள்ளையில பளிச்சுன்னு மஞ்சள், வாட்டர்மெலன்ல இளம்பச்சை, கிரீன் பம்ப்கின்ல அடங்கின பச்சை, கறுப்புல பூஜ்யம். கறுப்புக்குச் சார்ட்ரூஸ் வால் வேணும்னா அப்படியே அச்சுல ஊத்தினதைத்தான் வாங்கணும்.

சார்ட்ரூஸ்ல இன்னொரு குணம் இருக்கு. அது ஒளிரும் சாயம்: நீல, புற ஊதா வெளிச்சத்தை வாங்கி மஞ்சள்-பச்சையா திருப்பித் தரும். சிவப்பு செத்துப்போற ஆழத்துலயும் அது தூக்கலா நிக்கக் காரணம் அதுதான்.

---

பாசிப்படுகை:

ஜிகினாவுக்கு வர்றேன். வெயில் இருந்தாத்தான் ஜிகினாவுக்கு வேலை. ஒரு துகள் திரும்பும்போது ஒரு கணம் மின்னும், புழு அசையாம கிடந்தாலும் தண்ணி அசைவுல உயிர் இருக்கிற மாதிரி தெரியும். மேகம் மூடின நாள், கலங்கல், ராத்திரி, இது மூணுலயும் அது வெறும் புள்ளி.

ஜிகினா நிறத்தை அங்க இருக்கிற இரையை வச்சு எடுங்க. புளூகில் கூட்டமா முட்டையிடுற முன்கோடையில ஊதா, நீலம் கலந்த கிரீன் பம்ப்கின். அதுங்க பக்கவாட்டுல அந்த மினுமினுப்பு இருக்கும். வசந்தத்துல கிரேஃபிஷ் நடமாடும்போது கறுப்பு, செம்பு, ஆரஞ்சு. கிரேஃபிஷ் தோல் உரிச்ச புதுசுல வெளிறி மெத்துன்னு இருக்கும், அது பாஸுக்குச் சுளுவான இரை. தோல் இறுகினது கருத்துப்போகும். அதனால கிரேஃபிஷ் உருவத்துக்கு ஒரே நிறம்னு கிடையாது. கிரீன் பம்ப்கின் எடுத்து கொடுக்கு நுனியில மட்டும் ஆரஞ்சு தொட்டு வச்சா ரெண்டுக்கும் நடுவுல நிக்கும். இலையுதிர் காலத்துல ஷாட் மீன் கூட்டம் ஓடைவாய்ப் பக்கம் ஒதுங்கும்போது முத்து வெள்ளையில வெள்ளி ஜிகினா. அதுக்குப் புழுவைவிட துடுப்பு வால் மீன் உருவம்தான் பொருத்தம். முத்து வெள்ளை உங்க நாலுல இடம்பிடிக்கிறது அந்த ஒரு பருவத்துக்காகவே.

பிடிச்ச மீனை விடுறதுக்கு முன்னாடி தொண்டையை ஒரு தடவை எட்டிப் பாருங்க. சில நேரம் கிரேஃபிஷ் மீசை ரெண்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். இல்ல துப்பிவிட்ட குட்டி மீன் படகுத் தரையில கிடக்கும். அதைவிட நல்ல நிற அட்டவணை எந்தக் கம்பெனியும் அச்சடிக்கல.

உங்க தெளிஞ்ச ஏரிக்கு ஒண்ணு: அடி மணல்னு சொன்னீங்க. வெளிறின மணல் மேல கிரீன் பம்ப்கின் தெளிவா தெரியும். அதே புழு பாசித்திட்டு மேல பாதி மறைஞ்சுடும். பாசி ஓரத்துல போடும்போது ஒரு படி இருட்டானது, ஜூன்பக் மாதிரி, இல்லன்னா வால்ல சார்ட்ரூஸ். பாசிக்கு மேல வழுக்கிக்கிட்டுப் போற ரப்பர் தவளைக்கு மட்டும் விதி வேற. மீன் கீழ இருந்து வானத்தைப் பார்க்குது, வெள்ளை வயிறே ஆனாலும் அதுக்கு இருட்டாத்தான் தெரியும். கறுப்புத் தவளை போதும். முதுகுல வரைஞ்சிருக்கிற புள்ளி கோடெல்லாம் பறவைக்குத்தான் தெரியும்.

---

ஈயக்குண்டு:

சோதனை எப்படிப் பண்றதுன்னு ஒரு வார்த்தை, அதோட முடிச்சுக்கிறேன்.

ரெண்டு ராட் இருந்தா நல்லது. ரெண்டுலயும் அதே 5 அங்குலம், அதே 7 கிராம், அதே ஃபுளோரோகார்பன் நரம்பு. ஒண்ணுல கிரீன் பம்ப்கின், இன்னொண்ணுல கறுப்பு-நீலம். பக்கத்துப் பக்கத்து நிறம் ரெண்டை ஒப்பிடாதீங்க, எதிரெதிரானதை ஒப்பிடுங்க. ஒரே ஓரத்துல பத்துப் பத்து வீச்சா மாத்தி மாத்திப் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் முப்பது வீச்சு வரணும். முதல்ல ஒண்ணை முப்பது, அப்புறம் இன்னொண்ணை முப்பதுன்னு போட்டா, நடுவுல மேகம் வந்ததா, மீன் கலைஞ்சதா, நிறம்தான் காரணமான்னு பிரிக்கவே முடியாது. ரெண்டு கொத்துக்கும் மூணு கொத்துக்கும் வித்தியாசம் பார்க்காதீங்க, அது தற்செயல். அதே மாதிரி தண்ணியில ரெண்டு மூணு நாள் ஒரே பக்கம் சாஞ்சா அப்போ நம்புங்க.

கொத்து எப்படி வருதுன்னும் கவனிங்க. வாலை மட்டும் பிடிச்சு இழுத்துட்டு விட்டா நிறம் மீனைக் கூட்டிக்கிட்டு வந்துடுச்சு, உருவமோ வேகமோதான் சரியில்லை. 7 கிராமை 3.5 ஆக்குங்க, இல்ல 7 அங்குலத்துல இருந்து 5க்கு இறங்குங்க. பின்னாடியே வந்து பார்த்துட்டுத் திரும்பிப்போனா, தெளிஞ்ச தண்ணியா இருந்தா, அப்பத்தான் நிறத்தை மாத்தணும்: ஜிகினா இல்லாதது, ஊடுருவித் தெரியிறது. தட்டுறதே இல்லன்னா நிறத்தைத் தொடாதீங்க, இடத்தை மாத்துங்க.

மழை பெய்ஞ்ச மறுநாள் அந்த நீர்த்தேக்கத்துக்குப் போனா மூடியை ஓடைவாயில ஒரு தடவை, அணைப் பக்கம் ஒரு தடவைன்னு இறக்கிப் பாருங்க. கலங்கல் ஓடைவாயில இருந்துதான் பரவும். ஒரு பக்கம் 20 செ.மீ., இன்னொரு பக்கம் ஒரு மீட்டர்னு ஒரே நாள்ல இருக்கும். கலங்கலும் தெளிவும் சந்திக்கிற கோட்டை ஒட்டி கறுப்பு-நீலத்தைப் போடுங்க, தெளிஞ்ச பக்கம் நகர நகர கிரீன் பம்ப்கினுக்கு மாறுங்க.

கிழிஞ்ச புழுவைத் தண்ணியில போடாம பையிலேயே போட்டு எடுத்துட்டு வாங்க. மீன் அதையும் விழுங்கும், செரிக்காது. மூக்கு கிழிஞ்ச 5 அங்குலத்தை ஒரு அங்குலம் வெட்டிட்டா வாக்கி ரிக்குக்கு இன்னொரு நாள் தாங்கும்.

---

புதுத்தூண்டில்:

மூடிக்கு ஐஸ்கிரீம் டப்பா மூடி போதுமா?

---

கரையோரன்:

போதும். ஆனா பளபளப்பா இருந்தா மணல்காகிதத்தால ஒரு தடவை தேய்ச்சுடுங்க. வெயில் பட்டு மின்னினா, மறைஞ்சப்புறமும் தெரியிற மாதிரி இருக்கும், அளவு கூடுதலா வந்துடும்.